காசியம்மாள் கேட்ட குரல்

அன்று காலை அவர் என் குடத்து மூடியை எடுத்துக்கொண்டு போனார். ஐஸ் பெட்டியின் மூடி முந்தின நாள் இரண்டாக உடைந்திருந்தது. குடத்து மூடி அந்தப் பெட்டிக்குப் பொருந்தாது. ஆனாலும் நடுவில் வைத்து மேலே ஈரச் சாக்கைப் போட்டால் ஐஸ் கொஞ்சம் தாங்கும் என்பது அவருடைய யோசனை.

"குடத்துல பல்லி வுழுந்தா யாரு குடிக்கிறது?" என்றேன்.

"சாயங்காலம் வந்துரும்டி. உன் மூடியை இன்னா கப்பலேத்தியா அனுப்பப் போறேன்?"

"காசியக்கா வூட்ல புதுசா தெர்மாகோல் பெட்டி வாங்கிகிறாங்க. மூடி கப்புனு உக்காருது."

"அப்ப அங்க போயி தண்ணி குடி."

சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு துறைக்கு நடந்தார். என் கணவர் துளசிங்கத்திடம் நான் கடைசியாகப் பேசியது பக்கத்து வீட்டு ஐஸ் பெட்டியைப் பற்றி.

பழவேற்காடு ஏரி நடுவே இருக்கிற பசியாவரத்தில் எங்கள் தெருவில் குடியிருந்துகொண்டு காசியம்மாளைப் பார்த்துப் பொறாமைப்படாமல் இருக்க முடியாது. அவள் வீட்டுக் கூரை ஒழுகாது. எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான், அவள் தலையில் மட்டும் நரை இல்லை. அவள் கணவர் எல்லப்பன் பழவேற்காட்டுக் கடைத்தெருவுக்குப் போனால் யாரும் சொல்லாமலே பூ வாங்கி வருவார். அன்றுவரை என் பொறாமை இந்த அளவில்தான் இருந்தது. பிறகு ஒரு அரசு நிறுவனம் உள்ளே வந்து அதை வளர்த்துவிட்டது.

எங்கள் ஏரியில் முகத்துவாரத்துப் பக்கம் வலை போட முறை வைத்திருக்கிறோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். இன்று இந்த இடம் இன்னாருக்கு, நாளை அடுத்தவருக்கு. முறைக்காரருக்கு முடியாவிட்டால் வேறொருவர் போகலாம். வாய்வார்த்தை போதும். ஆனால் யார் போனாலும் அது முறைக்காரரின் பாடுதான். எல்லப்பனுடைய முறையில் எமனே போய் வலை போட்டாலும், "யாரு பாடு?" என்று கேட்டால் "எல்லப்பன் பாடு" என்றுதான் சொல்ல வேண்டும். தன் பெயரைச் சொன்னால் முறையைப் பறிக்கிறான் என்று அர்த்தம், கரையில் சண்டை வரும்.

அன்று எல்லப்பன் அண்ணனுக்கு வயிற்றுப்போக்கு. அவருக்குப் பதிலாக என் கணவர் போனார். மதியத்துக்கு மேல் காற்று திரும்பியது. முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. மறுநாள் உடல் கரை ஒதுங்கியது. போலீஸ் வந்து பார்த்து, துளசிங்கம் என்று எழுதிக் கொடுத்தது. அடக்கம் செய்தோம்.

காரியம் முடிந்த பிறகு காசியம்மாளுக்கு ஒரு கடிதம் வந்தது. அவளுடைய கணவர் எல்லப்பனின் இறுதிக் குரல் தங்களிடம் பத்திரமாக இருப்பதாகவும், வாரிசு என்ற முறையில் அவள் நேரில் வந்து கேட்டு ஆறுதல் பெறலாம் என்றும் கடலோரக் குரல் காப்பகம் எழுதியிருந்தது. கடிதத்தை அவளுக்கு எல்லப்பன்தான் படித்துக் காட்டினார்.

குரல் காப்பகம் பழவேற்காட்டில் புதிதாகக் கட்டிய கட்டடம். எங்கள் படகு ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் பெட்டி பொருத்தியது அவர்கள்தான். ஆபத்து என்றால் மட்டும் பொத்தானை அழுத்திப் பேசுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். மறுமுனையில் யாரோ உட்கார்ந்து கேட்பார்கள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். என் கணவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

அவர் பேசியிருக்கிறார் என்பதே அந்தக் கடிதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. என்ன பேசினார்? என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். நானும் கிளம்பினேன். காசியம்மாள் பட்டுச்சேலை உடுத்தியிருந்தாள். எல்லப்பன் அண்ணன்தான் படகு ஓட்டி எங்களை அழைத்துப் போனார்.

காப்பகத்தின் துணை இயக்குநர் தமிழ்வேந்தன் எங்களை எழுந்து நின்று வரவேற்றார். காசியம்மாளை நாற்காலியில் உட்கார வைத்து, "தங்கள் இழப்பு ஈடு செய்ய முடியாதது" என்றார். அவள் என்ன செய்வது என்று தெரியாமல் எல்லப்பனைப் பார்த்தாள்.

"சார், அது என் வூட்டுக்காரர் குரல்" என்றேன்.

"எல்லப்பன் உங்கள் கணவரா?"

"இல்ல சார். துளசிங்கம்."

"பதிவில் பேசுகிறவர் தன் வாயாலேயே எல்லப்பன் என்று சொல்கிறார். ஒரு மனிதருக்குத் தன் பெயர் தெரியாமல் போகுமா, அம்மா?"

"அது பாடு பேரு சார். எங்க ஊருல அப்படித்தான் சொல்லுவாங்க."

எல்லப்பன் அண்ணன் முன்னால் வந்தார். "சார், நான்தான் எல்லப்பன். தோ நிக்கிறேன் பாருங்க."

துணை இயக்குநர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "அதிர்ச்சியில் இப்படித்தான் இருக்கும். தண்ணீர் குடியுங்கள்."

"உடம்பு கெடச்சு அடக்கமே பண்ணியாச்சு. போலீசே துளசிங்கம்னு எழுதிக் குடுத்துகிறாங்க" என்றேன்.

"உடல் யாருடையது என்பதைக் காவல்துறை சொல்லும். அதில் நாங்கள் தலையிட மாட்டோம். குரல் யாருடையது என்பதை நாங்கள் சொல்வோம். அதில் அவர்கள் தலையிட மாட்டார்கள். இப்படித்தான் நாடு அமைதியாக இருக்கிறது."

"அவரு பேசினப்பவே யாராவது கேட்டிருந்தா காப்பாத்தியிருக்கலாமே சார்?"

அவர் கோபப்படவில்லை. இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டவர் போல இருந்தது. "அம்மா, ஆளைக் காப்பாற்றுவது வேறு துறை. நாங்கள் குரலைக் காப்பாற்றுகிறோம். எத்தனையோ ஆட்கள் போய்விட்டார்கள். ஒரு குரலாவது போயிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்."

காசியம்மாளை மட்டும் உள்ளே அழைத்துப் போனார்கள். போகும்போது அவளுக்குச் சால்வை போர்த்தினார்கள். எல்லப்பன் அண்ணன் உள்ளே போகக் கூடாதாம். பதிவானவர் தன் பதிவைத் தானே கேட்க விதியில் இடமில்லை. நானும் அவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"என் சாவுக்கு என்னையே வெளிய ஒக்கார வச்சுட்டானுங்க பாரு, லோகா" என்றார். அவருக்குச் சிரிப்பு வந்தது. என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

காசியம்மாள் அழுதுகொண்டே வெளியே வந்தாள். ஒரு கையில் பீங்கான் கோப்பையில் டீ, இன்னொரு கையில் 'ஆறுதல் பெட்டகம்' என்று எழுதிய எவர்சில்வர் டப்பா. அதன் மூடியும் கப்பென்று உட்காரும் வகை.

"இன்னாக்கா சொன்னாரு?"

"சொல்லக் கூடாதுனு சத்தியம் வாங்கிட்டாங்க, லோகா."

"எந்தச் சாமி மேல?"

"சாமி மேல இல்ல. அந்த டேப்பு மேல கைய வெச்சு."

அதற்குப் பிறகு நான் அவளுடைய காதையே பார்க்க ஆரம்பித்தேன். அவள் குழாயடியில் குனியும்போது பார்ப்பேன், நண்டு பிரிக்கும்போது பார்ப்பேன். சிவப்புக் கல் தோடு. அந்தத் தோட்டுக்குப் பின்னால் என் கணவர் இருந்தார். அவள் கணவர் வீட்டில் இருக்கிறார், என் கணவர் அவள் காதில் இருக்கிறார். ஒருத்திக்கு எதற்கு இரண்டு?

பெயரைத் திருத்தும்படி மனு கொடுத்தேன். ஆச்சரியமாக, ஒப்புக்கொண்டார்கள். இதைச் செய்ய வேண்டியவள் கலைவாணி. அங்கே ஒப்பந்த வேலையில் இருந்த பெண். உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அதற்குள்தான் டேப் சுற்றியிருக்கிறது. அதை ஒரு இயந்திரத்தின் வாயில் நுழைத்தால் உள்ளே இழுத்துக்கொண்டு குரலை வெளியே விடும். அவ்வளவு பக்கத்தில் என் கணவர் இருந்தார். தொடப் போனேன்.

"தொடாதீங்கம்மா. நீங்க இன்னும் வாரிசு இல்ல" என்றாள் கலைவாணி. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

பெட்டியின் மேல் 'எல்லப்பன்' என்று லேபிள் ஒட்டியிருந்தது. அதைக் கிழித்துவிட்டு வேறு ஒட்ட முடியாது. கிழிப்பது பதிவை அழிப்பதாகும். ஆகவே அதன் மேலேயே 'எல்லப்பன் எனப்பட்ட துளசிங்கம்' என்று இன்னொரு லேபிள் ஒட்டினார்கள். அதன் மேல் திருத்தத்துக்குக் காரணம் சொல்லும் சீட்டு. அதன் மேல் துணை இயக்குநரின் ஒப்புதல் சீட்டு. கையெழுத்து அழியாமல் இருக்க எல்லாவற்றுக்கும் மேல் அகலமான செலோடேப். பெட்டி வெயில் காலத்தில் கம்பளி போர்த்தியது போல ஆகிவிட்டது.

"உள்ள போவுமா?" என்று கேட்டேன்.

"விதிப்படி போக வேண்டும்" என்றார் தமிழ்வேந்தன்.

இயந்திரம் பாதி வரை இழுத்தது. சோற்றில் கல் கடித்தது போல ஒரு சத்தம். பிறகு ஆரஞ்சு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. சின்னக் கண்ணாடியில் ஆறு என்ற எண் தெரிந்தது. ஆறு முருகனுக்கு உகந்த எண் என்று ஒரு குமாஸ்தா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

டேப் சிக்கிக்கொண்டது.

கலைவாணி இயந்திரத்தை விற்ற கம்பெனிக்குப் போன் செய்தாள். நீலப் பொத்தானைச் சிறிது நேரம் விடாமல் அழுத்திப் பிடித்தால் வெளியே தள்ளிவிடும், கையால் மட்டும் இழுக்காதீர்கள் என்று சொன்னார்களாம். யார் அழுத்துவது என்ற கேள்வி எழுந்தது. ஒப்பந்த ஊழியர் அழுத்தக் கூடாது. துணை இயக்குநர் அழுத்தலாம், ஆனால் விடாமல் அழுத்த அவருக்கு அதிகாரம் இல்லை. சென்னையிலிருந்து இயக்குநர் வந்தார். காசியம்மாளுக்கு அழைப்பு போனது. அவள் எனக்குச் சொன்னாள். அவளை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். என் அனுமதிச் சீட்டில் 'உடன் வந்தவர்' என்று எழுதினார்கள். இயக்குநர் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி பொத்தானை அழுத்தினார். போட்டோ எடுத்ததும் விரலை எடுத்துவிட்டார்.

"இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கணும் சார்" என்றாள் கலைவாணி.

"நான் அழுத்தியது போதாதா?" என்றார் இயக்குநர். போதாது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

அடுத்த வழி, இயந்திரத்தை அணைத்துப் போடுவது. ஆனால் வாசல் பலகையில் 'இடைவிடாது இயங்கும் காப்பகம்' என்று எழுதியிருந்தது. அணைக்க வேண்டுமானால் முதலில் பலகையை மாற்ற வேண்டும். பலகைக்கு டெண்டர் விட்டார்கள். பழவேற்காட்டில் கரண்ட் போகாத நாள் கிடையாது. அந்தக் கட்டடத்தில் மட்டும் ஜெனரேட்டர் வைத்து அணையாமல் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்கும் அடுத்த வழி, சுத்தம் செய்யும் டேப் என்று ஒன்று இருக்கிறதாம். அதை இயந்திரத்துக்குள் போட்டால் அடைப்பு சரியாகும் என்று யாரோ எழுதிக் கொடுத்தார்கள். அதைப் போட வேண்டுமானால் உள்ளே இருக்கும் டேப் வெளியே வர வேண்டும். இதைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. வடை நன்றாக இருந்ததாகக் காசியம்மாள் சொன்னாள்.

நான் துணை இயக்குநரிடம் போய் நின்றேன். "ஐயா, அது இனிமே வெளிய வருமா வராதா? அதையாவது சொல்லுங்க."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள் இதைச் சிக்கல் என்று பார்க்கிறீர்கள். சற்று யோசியுங்கள். திருடன் வந்தால் எடுக்க முடியாது. வெள்ளம் வந்தால் அடித்துப் போகாது. நாங்களே நினைத்தாலும் எடுக்க முடியவில்லை. இந்தக் காப்பகத்தில் இவ்வளவு பத்திரமாக வேறு எந்தக் குரல் இருக்கிறது? மற்ற வாரிசுகள் எல்லாம் தங்கள் டேப்பையும் இப்படி வைத்துத் தரும்படி கேட்கும் நாள் வரும்."

பிறகுதான் பொறாமையின் இன்னொரு படி எனக்குத் தெரிந்தது. அந்த இயந்திரத்தின் மேல் எனக்குப் பொறாமை வந்தது. நான் சொன்னால் கேட்காமல் வெளியே கிளம்புகிற மனிதரை அது பல்லைக் கடித்து உள்ளேயே வைத்திருந்தது.

கடைசியில் 'குரல் மீட்பு விழா' என்று பந்தல் போட்டார்கள். வேறு ஊரிலிருந்து ஒரு வல்லுநரைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். வெள்ளித் தட்டில் சந்தனம் தடவிய குறடு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கையால் இழுக்கக் கூடாது என்றுதானே கம்பெனிக்காரன் சொன்னான், குறடால் இழுக்கக் கூடாது என்று சொல்லவில்லையே என்று தமிழ்வேந்தன் விளக்கினார். கலைவாணி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அவளைக் குத்துவிளக்குக்கு எண்ணெய் கொண்டுவர அனுப்பிவிட்டார்கள். காசியம்மாள் கழுத்தில் மாலை. நான் மூன்றாவது வரிசையில், கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலியில்.

வல்லுநர் குறடால் பிடித்து இழுத்தார். பெட்டி வந்தது. அதன் பின்னாலேயே கறுப்பு நாடாவும் வந்தது. மீன் குடலை இழுத்தால் வருவது போல வந்துகொண்டே இருந்தது. முறையே இப்படித்தான் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. கைதட்டல் கேட்டதும் வல்லுநர் உற்சாகமாகி அதைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தாழ்வாரத்தைத் தாண்டினார், பந்தலைத் தாண்டினார், வாசல் வரை போனார். நாடா முறுக்கிக்கொண்டது, கசங்கியது, நாற்காலிக் கால்களில் சுற்றியது. ஓரிடத்தில் அறுந்தது. நான் எழுந்தேன். காலடியில் ஒரு துண்டு கிடந்தது. அதில் ஏதாவது கேட்குமா என்று காதில் வைத்துப் பார்க்கும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஆனாலும் வைத்துப் பார்த்தேன்.

"இனி இந்தக் குரலை எந்த இயந்திரமும் விழுங்க முடியாது" என்று தமிழ்வேந்தன் மைக்கில் பேசினார். "இன்று முதல் இது முழு விடுதலை பெற்ற குரல். இதை அப்படியே கண்ணாடிப் பெட்டியில் வைத்து மக்கள் பார்வைக்கு வைப்போம். கேட்க முடியாவிட்டால் என்ன? முதல் முறையாக ஒரு குரலைக் கண்ணால் பார்க்கப் போகிறோம்."

வாரிசு இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று காசியம்மாளை எழுப்பினார்கள். அவள் மைக் முன்னால் நின்றாள். கூட்டத்தில் என்னைத் தேடினாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எங்க வூட்டுக்காரரு வெளிய பீடி குடிச்சினு கீறாரு" என்று சொல்லிவிட்டு மாலையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

அதற்கும் கைதட்டினார்கள்.

படகில் ஏறி ஊர்ப் பக்கம் திரும்பிய பிறகு அவள் என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"டேப்பே போயிருச்சு. இனிமே எது மேல பண்ண சத்தியம் அது?" என்றாள். "கேளு, சொல்றேன்."

தலையை ஆட்டினேன்.

"மொதல்ல ஒரு பொம்பளை பேசுறா. மெஷின்ல புடிச்சு வச்ச பேச்சு. வணக்கம்ன்றா. யாரு பாடுன்னு கேக்கறா. எல்லப்பன் பாடுன்னு உன் வூட்டுக்காரரு சொன்னாரு. அப்பால அவளேதான் பேசுறா. காப்பகம் எப்ப கட்டுனாங்க, யாரு வந்து தொறந்தாங்க, இன்னா லட்சியம், அல்லாத்தையும் சொல்றா. தமிழ்ல சொல்லி முடிச்சுட்டு இங்கிலீசுல சொல்றா. அப்பால தெலுங்குல. பின்னாடி காத்து பேயாட்டம் அடிக்குது."

"அவரு?"

"அவரு இன்னா பண்ணுவாரு? ஒருத்தி பேசினு இருக்கும்போது நடுவுல எப்படிப் பேசறதுனு மரியாதையா கேட்டுனே கீறாரு. ஒரு தடவ இருமினாரு."

"அப்புறம்?"

"கடேசில, உங்கள் குரல் முப்பது வருசம் பாதுகாக்கப்படும்னா. அதுக்கு இவரு, சரிம்மான்னாரு."

"அப்புறம்?"

"அவ்ளோதான், லோகா. அதுக்கப்புறம் தண்ணிச் சத்தம்."

படகின் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த எல்லப்பன் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இத்தனை நாளா ஏங்க்கா சொல்லல?"

"இன்னாத்தச் சொல்றது? நீ என் காதையே பாத்துனு இருந்த. உள்ள பெருசா என்னமோ இருக்குனு நெனச்சினு இருந்த. ஒண்ணும் இல்லனு எப்படிச் சொல்றது?"

ஒன்றும் இல்லை என்று அவள் சொன்னாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இத்தனை வருட வாழ்க்கையில் என் கணவர் என்னிடம் சரி என்று சொன்னதே இல்லை. 'ம்' என்பார். 'பாக்கலாம்' என்பார். கோபமாக இருந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போவார். அந்தப் பெண் எங்கோ சென்னையில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து தாளில் உள்ளதைப் படித்துவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். எங்கள் ஏரியை அவள் பார்த்திருக்க மாட்டாள். அவளுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார்.

"எப்படிச் சொன்னாரு? அதே மாதிரி சொல்லிக் காட்டுக்கா" என்றேன்.

காசியம்மாள் தயங்கினாள். கணவரைப் பார்த்தாள். பிறகு தண்ணீர்ப் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமி, கொஞ்சம் இழுத்து, "சரிம்மா" என்றாள்.

அவர்தான். அந்த இழுப்பு அவருடையதுதான்.

"இன்னொரு தடவ."

ஊர் வரும்வரை அவள் சொல்லிக்கொண்டு வந்தாள்.

போன பங்குனியில் எங்கள் ஊர் மாரியின் படகில் போகும்போது, யாரும் பார்க்காத நேரத்தில் நானே மஞ்சள் பெட்டியின் பொத்தானை அழுத்தினேன். பெட்டிக்குள்ளிருந்து அந்தப் பெண் வணக்கம் என்றாள். யார் பாடு என்று கேட்டாள். நான் பெயர் சொல்லவில்லை. அவளுக்கு அது தடையாக இல்லை. காப்பகத்தின் வரலாற்றைத் தமிழில் சொன்னாள், ஆங்கிலத்தில் சொன்னாள், தெலுங்கில் சொன்னாள். முப்பது வருடம் என்றாள். பதிலுக்கு அவள் இடம் விட்டாள். நான் சரி என்று சொல்லவில்லை.

அந்தப் பேச்சு இன்றும் அதே நீளம்தான். நடுவில் நிறுத்தப் பொத்தான் கிடையாது.